ஊருணியில் முள் வெட்டியபோது மோர் கொடுத்தோம், கணக்குக் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டோம்

எங்கள் ஊர் ஊருணியில் என் அப்பத்தா காலத்தில் காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். குடத்தில் மொண்டு வந்து அப்படியே குடித்த தண்ணீர். வருஷம் முழுக்க ஓடுகிற ஆறில்லாத சீமை இது, வானம் பெய்வதைத் தேக்கினால்தான் உண்டு, அதனால்தான் செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிச் செம்புராங்கல்லில் சுவர் கட்டி வைத்தார்கள். அப்பேர்ப்பட்ட ஊருணி பத்துப் பதினைந்து வருஷமாகக் கருவைக் காடாகக் கிடந்தது.

போன கோடையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருபது பேர் அதில் இறங்கினார்கள். காரைக்குடியில் காலேஜ் படிக்கிறவர்கள், திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வந்தவன், ப்ளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பெண்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கருவையை வெட்டினார்கள். என் அண்ணன் மகள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், மூன்று முள் உள்ளே ஒடிந்து கிடந்தது, ஊசியால் நானே எடுத்துவிட்டேன். ஊரே பாராட்டியது. நானும் கடையிலிருந்து மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஐப்பசியில் நல்ல மழை. ஆனால் ஊருணியில் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. என்னவென்று ஊருணிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலோடு நடந்து போய்ப் பார்த்தார்கள். ஊருக்கு மேற்கே புதுசாகப் போட்ட சிமெண்ட் ரோடு கால்வாயின் மேலேயே குறுக்கே போகிறது, அடியில் ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. வருகிற தண்ணீரெல்லாம் ரோட்டில் முட்டித் திரும்பி யாரோ ஒருத்தர் வயலில் போய் விழுகிறது. இனி இருபது பேர் இருநூறு ஞாயிற்றுக்கிழமை வெட்டினாலும் அந்த ஊருணியில் தண்ணீர் ஏறாது.

சரி, பிள்ளைகள் என்ன செய்தார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்கள். 2005லேயே வந்த சட்டம், பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். இதெல்லாம் என் அண்ணன் மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த ரோட்டின் எஸ்டிமேட்டையும் செய்த வேலையை அளந்து எழுதும் எம் புக் நகலையும் கேட்டார்கள். நாலு பக்கம் வந்தது. எஸ்டிமேட்டில் குழாய்ப் பாலம் என்று தனி வரி, அதற்குத் தனித் தொகை.

ஜனவரி 26 கிராம சபையில் என் அண்ணன் மகள் அந்தத் தாளோடு எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை, யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. "இந்தப் பாலம் எந்த இடத்துல இருக்குன்னு காட்டுங்க, நாங்க போய்ப் பாத்துக்குறோம். அப்புறம் தீர்மானத்தை எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க, கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுறோம்." இவ்வளவுதான் கேட்டாள்.

அன்றைக்கே ஊரின் முகம் மாறிவிட்டது. முள் வெட்டியபோது தங்கமான பிள்ளைகள் என்று சொன்ன அதே வாய், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை, படிக்கிற வழியைப் பார்க்கச் சொல்லு என்கிறது. அண்ணன் வீட்டுக்கே வந்து இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை. இந்தப் பிள்ளைகளின் உடம்பு உழைப்பு நமக்கு வேண்டும், அவர்கள் வாய் திறந்து கேட்டால் மட்டும் ஆகாதா?

சின்னப் பிள்ளைகளுக்கு இது எதுக்கு என்று வயசைச் சொல்கிறவர்களுக்கு நம் சீமைக் கதையையே சொல்கிறேன். 1917ல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரான தமிழறிஞர் ராய. சொக்கலிங்கத்துக்கு அப்போது இருபதுகூட நிறையவில்லை. 1919ல் பாரதியே அந்தச் சங்கத்துக்கு வந்தார். சிராவயல் என்றால் நமக்கு மஞ்சுவிரட்டுத்தான் ஞாபகம் வரும். அதே சிராவயலில்தான் பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா ஆசிரமம் நடத்தினார், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், 1927ல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்தார். ஜீவாவுக்கு அன்று இருபது வயது. அவர்களிடமும் படிக்கிற வழியைப் பார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்தானே.

சட்டமும் இந்தப் பிள்ளைகள் பக்கம்தான். 18 வயதாகி ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் கிராம சபையில் அவர்களும் உறுப்பினர்கள், 21 வயதானால் ஊராட்சித் தலைவர் பதவிக்கே நிற்கலாம். எங்கள் ஊராட்சியில் இரண்டாயிரம் பேருக்குக் கிட்ட இருக்கிறோம், அந்தக் கணக்குக்கு 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். இத்தனை வருஷமாக அந்த 100 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கிராம சபைக் கையெழுத்து நோட்டு வீடு வீடாக வரும். கடைக்கும் வரும். சர்க்கரை நிறுத்துக்கொண்டே நானும் போட்டிருக்கிறேன், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் படித்ததில்லை. பாலமில்லாத ரோட்டுக்கும் அப்படித்தான் போட்டேனோ என்னவோ. இதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "அதுக்கென்ன சித்தப்பா, அடுத்த சபைக்கு வாங்க, பக்கத்துல உக்காருங்க, நான் பேசும்போது நாலு பெரியவங்க பக்கத்துல இருந்தா யாரும் உக்காருன்னு அதட்ட மாட்டாங்க" என்றாள்.

குழாய் பதிக்கத் தீர்மானம் எழுதியாகிவிட்டது, வேலை இன்னும் தொடங்கவில்லை. வருகிற மே 1 சபைக்குக் கடையைப் பத்து மணிக்கே அடைக்கிறேன். நம்மூர் அண்ணன் தம்பிகள், ஆச்சிமார்கள் யாரெல்லாம் வருகிறீர்களோ, கீழே சொல்லுங்கள், சேர்ந்து போவோம். கையெழுத்து நோட்டை இனி என் கடைக்குக் கொண்டுவர வேண்டாம்.