கால்சியம் ஸ்கோர் பூஜ்யமா? அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள்

எல்லோரும் பகிரும் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. "கால்சியம் ஸ்கோர் பூஜ்யம், கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று அந்த மனிதர் சிரிக்கிறார். அதற்கு இத்தனை இதயக்குறிகள்!

இதயத்தை சிடி ஸ்கேன் எடுத்து, அதன் ரத்தக்குழாய்ச் சுவரில் எவ்வளவு சுண்ணாம்பு (கால்சியம்) படிந்திருக்கிறது என்று போடும் எண்தான் இந்த ஸ்கோர். பூஜ்யம் என்றால் சுவரில் சுண்ணாம்பு இல்லை, அவ்வளவுதான். கொழுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. 1990-இல் அமெரிக்க இதய மருத்துவர் அகட்ஸ்டனின் குழு இந்தக் கணக்கைக் கொண்டுவந்தபோதே அது அளந்தது இறுகிப்போன படிவைத்தான். இறுகாத கொழுப்புப் படிவு அதில் தெரியாது. வெடித்து மாரடைப்பைக் கொண்டுவருவது பல சமயம் அதுதான்.

என் அக்காவுக்கு மாடி ஏறினால் நெஞ்சை அழுத்தும். ஸ்கோர் பூஜ்யம். "வாயுத் தொல்லைம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வலி வரும்போதெல்லாம் கைப்பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பாள். அப்புறம் வேறொரு மருத்துவர் சிடி ஆஞ்சியோ எடுத்தார், அதாவது சாயம் ஏற்றி இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஸ்கேன். அந்தப் படத்திலிருந்தே கம்ப்யூட்டர் ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டு, அடைப்பைத் தாண்டியபின் அழுத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்கிறது. உள்ளே கம்பி விட வேண்டியதில்லை. முழு அழுத்தத்தை 1 என்று வைத்தால், 0.80-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பயமில்லை. அக்காவுக்கு 0.72. திரையில் நீலமாக வந்த குழாய் ஓரிடத்துக்கு அப்பால் சிவப்பாகிவிட்டது.

"அப்போ அந்தக் கால்சியம் ஸ்கேனே வீணா?" என்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. வலி எதுவும் இல்லாத ஒருவர், ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) தொடங்கலாமா என்று யோசிக்கும்போது பூஜ்யம் நல்ல செய்திதான். ஆனால் சர்க்கரை, புகைப் பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் பூஜ்யத்தை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2018-இல் வந்த அமெரிக்க கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டியே சொல்லியிருக்கிறது. வீடியோக்காரர் அதைச் சொன்னாரா?

"படம் எடுத்து என்ன பயன்?" என்பவர்களுக்கு: ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரை ஐந்து ஆண்டு கவனித்தார்கள். சிடி ஆஞ்சியோவும் சேர்த்து எடுத்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம் பேருக்கும் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. ஸ்கேனில் கதிர்வீச்சு, கதிர்வீச்சு என்று கத்துபவர்களிடம் பேச எனக்கு இப்போது தெம்பில்லை.

ஒரு பெண் நெஞ்சை அழுத்துகிறது என்றால் முதலில் அவள் சொல்வதைக் கேளுங்கள். "இவள் எப்பவும் இப்படித்தான்" என்று அக்காவைப் பற்றிச் சொந்தக்காரர்களே சொன்னார்கள். அந்த வீடியோவை எனக்கு அனுப்பியதும் அவர்கள்தான். தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள்.