கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதுமா?

அரசியலில் நேர்மை என்று பேச்செடுத்தாலே நம்மாட்கள் நேராகக் காமராஜருக்கும் கக்கனுக்கும் போய்விடுகிறார்கள். சரி, சொத்து சேர்க்காத மனிதர்கள், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வடசென்னையில் எண்ணூர்ப் பக்கம் குடியிருக்கிற எனக்கு லஞ்சத்தைவிட அதிகம் எரிச்சல் தருவது வேறொன்று. ஏதாவது நடந்ததும் பொறுப்பில் இருப்பவர்கள் அவிழ்த்துவிடும் அந்த முதல் பொய்.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பாதிப்பு ஒன்றும் இல்லை என்றுதான் துறைமுகத் தரப்பில் முதலில் சொன்னார்கள். அப்புறம் எர்ணாவூர் கரையில் தார் மாதிரி ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் காலேஜ் பிள்ளைகளும் வரிசையாக நின்று வாளியில் அள்ளியதை ஊரே டிவியில் பார்த்தது. இல்லாத எண்ணெயை எப்படி ஐயா வாளி வாளியாக அள்ள முடிந்தது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, முகத்துவாரம் வரைக்கும் போனது. அப்போதும் ஆலைத் தரப்பின் முதல் பதில், எங்களிடம் கசிவே இல்லை. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு, படகெல்லாம் பிசுக்கு, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் காலைவிட்டுப் போகாத கறை, இதையெல்லாம் வைத்துக்கொண்டு நாங்கள் நிரூபிக்க வேண்டுமாம். பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்துக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். எண்ணெய் பிடித்த வலையைத் தூக்கித்தான் போட வேண்டும். புது வலை என்ன விலை என்று காசிமேட்டில் விசாரித்துப் பாருங்கள்.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மூச்சு முட்டி ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதா, ஓடுவதா, ஓடினால் எந்தப் பக்கம்? இதற்குப் பதில் தெரிந்தவன் உண்மையைச் சொன்னால்தான் உயிர் பிழைக்க முடியும். நேர்மை என்பதை ஏதோ மகான்களின் குணம் மாதிரி பேசுவது இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

லஞ்சம் வாங்கினால் பிடிக்க ஒரு துறை இருக்கிறது. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு சொல்கிறது (எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்காதீர்கள்). ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, கண்ணெதிரே எண்ணெய் மிதக்கும்போது "ஒன்றுமில்லை" என்று அறிக்கை விடுகிறவருக்கு என்ன ஆகிறது? அடுத்த அறிக்கை விடுகிறார், அவ்வளவுதான்.

உடனே ஒருத்தர் வருவார், "ஓட்டுக்குக் காசு வாங்கின நீங்களெல்லாம் நேர்மை பேசலாமா" என்று. வடசென்னை என்றாலே 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடாவால் ரத்தான ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்தான் இவர்களுக்கு ஞாபகம் வரும். எர்ணாவூர் அந்தத் தொகுதியே இல்லை, அது வேறு விஷயம். காசு வாங்கியது தப்புதான், நான் ஒன்றும் வக்காலத்து வாங்கவில்லை. அதற்காக ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவரிடம் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை மறைக்கலாமா?

இவ்வளவு கொட்டியது என்று முதல் நாளே துல்லியமாகச் சொல்லச் சொல்லவில்லை. "எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை, தெரிகிறவரை யாரும் ஆற்றில் இறங்காதீர்கள்" என்று சொன்னாலே போதும். தேர்தல் வந்தால் சந்து சந்தாக ஆட்டோவில் மைக் கட்டி விடுகிறீர்களே, இதைச் சொல்ல ஒரு ஆட்டோ கிடைக்காதா?