இசபெல்லாவையும் கொஞ்சம் கேளுங்கள்

வில்லனைக் காதலிக்கும் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, ஆன்டி ஹீரோ கதை என்றாலே இவளுக்கு ஆகாது போல என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவனாகவே பிறந்து, நல்லவனாகவே தாலி கட்டி, நல்லவனாகவே கதை முடிக்கிற நாயகனைவிட, ஊரையே பகைத்துக்கொண்டு நிற்கிறவன் பக்கம்தான் படிக்கும்போது மனசு போகிறது. அவன் அடுத்து என்ன செய்வான் என்று தெரியாது. அடுத்த எபி, அதாவது தொடர்கதையின் அடுத்த அத்தியாயம், எப்போது வரும் என்று காத்திருக்க வைப்பது அதுதான்.

இப்படிப் படிக்கிற பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று உபதேசம் செய்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கதையில் ரவுடியை ரசிக்கிறவள் தெருவில் ரவுடியைத் தேடிப் போவதில்லை. கொலைக் கதை படிக்கிற ஆண்களிடம் போய், பார்த்துப்பா, கத்தியை எடுத்துவிடாதே என்று யாரும் சொல்வதும் இல்லை. பயத்தையும் ஆசையையும் சேர்த்து அனுபவித்துப் பார்க்கக் கதையைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம்.

என் வருத்தம் வேறு. வில்லனைத்தான் எழுதப்போகிறேன் என்று ஆரம்பித்துவிட்டு, பாதிக்கு மேல் அவன் வில்லனே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

தமிழில் இணையத் தொடர்கதை படிக்கிறவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம். அவன் பெரிய பணக்காரன், கோபக்காரன். தன் தங்கையின் வாழ்க்கை நாசமானதற்கு இவள்தான் காரணம் என்று நம்பி, இவளைத் தூக்கிக்கொண்டு போய் கட்டாயத் தாலி கட்டுகிறான். அறைகிறான், பூட்டி வைக்கிறான், சில கதைகளில் அதற்கு மேலும் செய்கிறான். முப்பதாவது எபி வாக்கில் ஃப்ளாஷ்பேக் வருகிறது. சின்ன வயதில் அம்மா விட்டுப் போன கதை, அப்பா அடித்த கதை. அப்புறம் உண்மை வெளியே வருகிறது: இவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவன் காலில் விழுகிறான், இவள் கொஞ்சநாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு மன்னிக்கிறாள். எபிலாக்கில் இரட்டைக் குழந்தைகள்.

இந்தக் கதைகளை எழுதுகிற தோழிகள் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் முடித்து, ராத்திரி போனில் தட்டச்சு செய்து யூடி (கதையின் அடுத்த பகுதி) போடுகிறவர்கள் அவர்கள். அதனால்தான் இதை அவர்களிடமே கேட்கத் தோன்றுகிறது. அவள் நிரபராதி என்று தெரிந்ததால் அவன் மன்னிப்புக் கேட்கிறான். சரி. அவள் நிரபராதியாக இல்லாமல் இருந்திருந்தால்? அந்தத் தங்கை விஷயத்தில் அவள் உண்மையிலேயே தப்பு செய்தவளாக இருந்திருந்தால், அந்த அடியும் அந்தப் பூட்டிய அறையும் நியாயமாகிவிடுமா? ஆள் மாறிப்போச்சு என்பதற்குத்தான் அவன் வருந்துகிறான். செய்த காரியத்துக்காக அவன் வருந்துகிற ஒரு வரி கூடப் பல கதைகளில் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. இங்கிலாந்தில் 1919இல் இ. எம். ஹல் என்ற பெண் எழுதிய 'தி ஷேக்' நாவல் அமோகமாக விற்றது. இரண்டு வருடம் கழித்து ருடால்ஃப் வாலண்டினோ நடித்துப் படமாகவும் வந்தது. பாலைவனத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்ணை ஓர் அரபுத் தலைவன் கடத்துகிறான். நாவலில் வன்புணர்வும் செய்கிறான். கடைசியில் அவள் அவனையே காதலிக்கிறாள். முடிவில் அவன் அரபியே இல்லை, ஆங்கிலேயப் பிரபுவுக்கும் ஸ்பானியப் பெண்ணுக்கும் பிறந்தவன் என்று தெரியவருகிறது. அன்றைய ஆங்கில வாசகர்களை அந்தப் பிறப்பு ரகசியம் சமாதானப்படுத்தியது. நம்மை ஃப்ளாஷ்பேக் சமாதானப்படுத்துகிறது. இரண்டிலுமே அவன் செய்ததைப் பற்றிய பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது.

அதற்கும் முன்னால், 1747–48இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் 'கிளாரிஸா'வைப் பல பாகங்களாக வெளியிட்டபோது, கடைசிப் பாகங்கள் வருவதற்குள்ளேயே வாசகிகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். கிளாரிஸாவை ஏமாற்றி அழைத்துப்போய், மயக்க மருந்து கொடுத்துச் சீரழித்த லவ்லேஸைத் திருத்தி, அவளுக்கே கட்டி வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். ரிச்சர்ட்சன் மசியவில்லை. அவனைப் பலருக்கும் பிடித்துப்போவதைப் பார்த்து, பின்னால் வந்த பதிப்புகளில் அவன் இன்னும் மோசமானவனாகத் தெரியும்படி சேர்த்து எழுதினார். அந்த வாசகிகளை என்னால் நன்றாகவே புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் எழுத்தாளர் செய்ததுதான் சரி. கிளாரிஸா அவனைக் கல்யாணம் செய்துகொள்ள மறுக்கிறாள், அந்த மறுப்பை அவர் காப்பாற்றிக் கொடுத்தார்.

இனி ஹீத்கிளிஃப். இந்த மாதிரிக் காதலன்களுக்கெல்லாம் மூத்தவன் என்று எல்லோரும் கைகாட்டுவது அவனைத்தான். எமிலி பிராண்டே 1847இல் வெளியிட்ட 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலை முழுசாகப் படித்தவர்களைவிட, அவனும் காதரினும் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்துக் காற்றில் நிற்கிற படத்தை மனசில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். நாம் எல்லோரும் அந்தக் கதையைக் காதரினாகவே இருந்து படிக்கிறோம். 'நானே ஹீத்கிளிஃப்' என்று அவள் சொல்கிற இடத்தில் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனால் அதே நாவலில் அவனைக் காதலித்த இன்னொருத்தி இருக்கிறாள். இசபெல்லா. காதரினுடைய கணவன் எட்கரின் தங்கை, பதினெட்டு வயதுப் பெண்.

இசபெல்லாதான் நாம். கறுத்து இறுகிய முகத்தைப் பார்த்து, உள்ளே ஏதோ ஈரம் இருக்கும் என்று நம்பியவள் அவள். அவளிடம் காதரினே சொல்கிறாள்: கடுமையான தோற்றத்துக்குக் கீழே அன்பு ஒளிந்திருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளாதே, அவன் இரக்கமில்லாத ஓநாய் மாதிரியான மனுஷன். அவனை உயிராக நேசிக்கிறவளே சொல்கிறாள்! இசபெல்லா அதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்கிறாள். அவனோடு ஓடிப்போகிற இரவிலேயே அவளுடைய நாய்க்குட்டியை அவன் கொக்கியில் தொங்க விட்டுவிட்டுப் போகிறான். வேலைக்காரி நெல்லி பார்த்து அவிழ்த்ததால் அது பிழைக்கிறது. கல்யாணமான பிறகு அவள் நெல்லிக்கு எழுதுகிற கடிதத்தில் கேட்கிறாள்: ஹீத்கிளிஃப் மனுஷன்தானா? மனுஷன் என்றால் பைத்தியமா? பைத்தியம் இல்லை என்றால் பிசாசா? அடுத்த அத்தியாயத்தில் அவள் முன்னாலேயே அவன் நெல்லியிடம் சொல்கிறான், என்னைக் காதல் கதை நாயகன் என்று நினைத்து ஏமாந்துதான் இவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள் என்று.

வில்லனே தன் வாயால், நான் காதல் நாயகன் இல்லை என்று சொல்லிவிட்டான். அப்புறமும் ஏறக்குறைய நூற்று எண்பது வருடமாக அவனை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் எமிலி பிராண்டேயின் நேர்மை என்னை அசர வைக்கிறது. அவன் துக்கத்தை அவர் குறைத்துக் காட்டவில்லை. லிவர்பூல் தெருவில் கிடந்த அநாதை, வளர்ந்த வீட்டில் வேலைக்காரனாக ஆக்கப்பட்டவன், காதலியை இழந்தவன். அத்தனையும் நமக்குத் தெரியும், அவனுக்காக அழவும் செய்கிறோம். அந்தத் துக்கத்தின் விலையை யார் யார் கட்டினார்கள் என்பதையும் அதே புத்தகத்தில் எழுதிக்கொண்டே போகிறார். இசபெல்லாவின் காதுக்குக் கீழே அவன் எறிந்த கத்தி கிழித்த காயத்தை நாமும் பார்க்கிறோம். அவள் மெல்லிய உடையோடு பனியில் ஓடி வந்து, மோதிரத்தைக் கழற்றித் தரையில் போட்டு அடித்து நெருப்பில் எறிகிறாள். வண்டி ஏறித் தெற்கே போனவள் திரும்பி வரவே இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகர்கள் முன்னால், ஒரு மனைவி கணவனை விட்டு ஓடிப்போய் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்தாள் என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும். 1939இல் வந்த புகழ்பெற்ற திரைப்படத்தில் நாவலின் பின்பாதியே கிடையாது. அடுத்த தலைமுறையை அவன் படுத்துகிற பாடு மொத்தமும் போய்விட்டது. அதை எடுத்துவிட்டால் அவன் வெறும் சோகக் காதலன்தான்.

இந்த இடத்தில் நம்ம 'பொன்னியின் செல்வன்' நந்தினி நினைவுக்கு வருகிறாள். கல்கி அவளைக் குறைத்து எழுதவே இல்லை. பாண்டிய மன்னன் வீரபாண்டியனைக் கொல்லாதே என்று அவள் கெஞ்சியும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கேட்கவில்லை. அந்தக் காயம் கடைசிவரை அவளிடம் இருக்கிறது, அதற்காக அவள் சதி செய்கிறாள் என்பதும் இருக்கிறது. அவளை நேசித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் செத்துப்போகிறான். அவளைக் கல்யாணம் செய்துகொண்ட பெரிய பழுவேட்டரையர் மானத்தையும் உயிரையும் கொடுக்கிறார். வில்லி என்றால் அவளை நேசித்தவர்கள் விலை கொடுக்கத்தான் வேண்டும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளைத் திருத்திக் குடும்பம் நடத்த வைக்கக் கரிகாலனுக்கு நாற்பது எபி யாரும் கொடுக்கவில்லை. வில்லன் ஆணாக இருந்தால் மட்டும் திருத்துகிற வேலை நாயகியின் தலையில் விழுகிறது. அடி வாங்கிக்கொண்டே அவன் மனசைப் புரிந்துகொள்ள வேண்டியதும் அவள்தான்.

ஆன்டி ஹீரோ எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஒருமுறை, கோபத்துக்கு ஆளான அந்தப் பெண் உண்மையிலேயே தப்பு செய்தவளாக இருக்கட்டும். ஆள் மாறிப்போச்சு என்று அவன் தப்பிக்க வழி இல்லாமல், தன் கை செய்ததற்கு அவனே பதில் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு அவனோடு இருப்பதா, இசபெல்லா மாதிரி வண்டி ஏறுவதா என்று அவள் முடிவெடுக்கட்டும். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் கதையை முதல் எபியிலிருந்து விடாமல் படிப்பேன். அப்படி ஒன்றை ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால் பெயரைக் கமெண்டில் போடுங்கள்.