ஜீரோ கலோரி என்று போட்டுவிட்டால் ஆச்சா?

சுங்கை சிப்புட்டில் இப்போது யாரைப் பார்த்தாலும் டயட். தோட்டத்துப் பையன்கள் ஜிம்முக்குப் போகிறார்கள், அக்காமார்கள் விடிவதற்குள் திடலைச் சுற்றி நடக்கிறார்கள். நல்லதுதான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். நடக்கத்தான் வேண்டும்.

என்னைக் கடுப்பேற்றுவது, இணையத்தில் வரவழைக்கும் அமெரிக்க எண்ணெய் ஸ்பிரேயும் சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்புப் பொட்டலமும். "அதுல கலோரியே இல்ல" என்று சொல்லி, போனில் உள்ள கலோரிக் கணக்கில் அதை ஏற்றுவதே இல்லை.

எண்ணெயில் கலோரி இல்லாமல் எப்படி இருக்கும்? ஆலிவாக இருந்தாலும் நம்மூர் செம்பனையாக இருந்தாலும் கொழுப்பு கொழுப்புதான், கிராமுக்கு 9 கலோரி. அமெரிக்க விதிப்படி, ஒரு தடவைக்கான அளவில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் 0 என்று அச்சடிக்கலாம். ஸ்பிரேக்கு அந்த ஒரு தடவை அளவு வெறும் கால் கிராம். அதாவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அழுத்துவது. கால் கிராமுக்கு இரண்டேகால் கலோரி, ஆகவே டப்பாவில் 0. பொய் இல்லை, சட்டப்படி சரி. ஆனால் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று அப்படி அழுத்தும் ஆளை எனக்குக் காட்டுங்கள்! ஐந்து விநாடி அழுத்தினால் 34 கலோரி வரும், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெய். கரண்டியால் ஊற்றுவதை விட இது மேல் என்பதை நான் மறுக்கவில்லை. அதைக் கணக்கில் எழுதுங்கள், அவ்வளவுதான்.

இனிப்புப் பொட்டலத்திலும் இதே கதை. அதில் உள்ள சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு சீனியை விட சுமார் 600 மடங்கு இனிப்பு, ஒரு கிளாஸ் தேநீருக்குத் துளி போதும். அந்தத் துளியைப் பொட்டலத்தில் போட முடியாது என்பதால் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்து ஒரு கிராமாக்குகிறார்கள். இரண்டும் மாவுச்சத்து வகை, கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி. ஒரு நாளைக்கு ஆறு பொட்டலம் என்றாலும் ஒன்றரைத் தேக்கரண்டி சீனிக்குச் சமம்தான். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் கடுகுச் சோஸும் அப்படித்தான், ஒரு தேக்கரண்டிக்கு மூன்று கலோரி. (அந்தச் சோஸில் நான் பார்ப்பது உப்பை. அதைப் பற்றி ஜிம் பையன்கள் மூச்சு விடுவதில்லை.)

நம் நாட்டு லேபிளில் ஒரு வசதி உண்டு. 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்திக்குப் பக்கத்தில் '100 கிராமுக்கு' அல்லது '100 மில்லிக்கு' என்றும் ஒரு பத்தி இருக்கும். பரிமாறலை எவ்வளவு சுருக்கினாலும் அந்தப் பத்தியை ஏமாற்ற முடியாது. சிரப், சோஸ் எதுவானாலும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இணையத்தில் வாங்கும் அமெரிக்க டப்பாவில் பெரும்பாலும் அந்தப் பத்தி இருக்காது. அப்போது பொருள் பட்டியலைப் பாருங்கள், எடை அதிகமானதைத்தான் முதலில் எழுதுவார்கள். முதல் பெயரே எண்ணெய் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்றால், முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய ஜீரோ போட்டிருந்தாலும் சரி, நீங்கள் ஸ்பிரேயை அழுத்திய விநாடியையும் பிரித்த பொட்டலத்தையும் போனில் ஏற்றிவிடுங்கள்.