கலிஃபோர்னியாவில் கார் பெயர் மாற்றம்: கெடு 30 நாள் அல்ல

"பழைய கார் வாங்கினால் பெயர் மாற்ற 30 நாள் இருக்கிறது, அதுவரை விற்றவர்தான் பொறுப்பு" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கலிஃபோர்னியாவுக்கு இது தவறு. தனியாரிடம் வாங்கியவர் 10 நாளுக்குள் மோட்டார் வாகனத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். 30 நாள் என்பது கட்டணம் செலுத்தாவிட்டால் அபராதம் ஏறத் தொடங்கும் எல்லை. இரண்டையும் குழப்பியதில் பிறந்ததுதான் இந்தச் செய்தி.

விற்றவரின் கெடு இன்னும் குறுகியது: 5 நாளுக்குள் விற்பனை அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இதை ஆன்லைனிலேயே செய்துவிடலாம், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். செய்யாவிட்டால் வாங்கியவரின் பார்க்கிங் அபராதம்கூட உங்கள் பெயருக்கே வரும்.

பெரும்பாலும் விண்ணப்பம் சிக்குவது உரிமைச் சான்றில்தான். அதில் அடித்தல் திருத்தலோ வெள்ளை மையோ இருந்தால் தனி விளக்கப் படிவம் கேட்பார்கள். கடன் தந்த வங்கியின் பெயர் இருந்தால் அதன் விடுவிப்புக் கையொப்பமும் தேவை. புகைச் சோதனைச் சான்று 90 நாள்தான் செல்லும். அதைத் தர வேண்டியவர் பொதுவாக விற்பவரே.

ஃபுளோரிடா, டெக்சாஸில் வாங்குபவருக்கு 30 நாள் உண்டு. அந்தக் கணக்கு இங்கே செல்லாது.