வெளிநாட்டு ஊழியப் பணம் நேராகக் குன்னூர்க் கணக்குக்கு வரலாமா?

“வெளிநாட்டு பாப்டிஸ்ட் சபைகள் ஊழியத்துக்கு அனுப்பும் பணத்தை, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள சங்கம் குன்னூர் வங்கிக் கணக்கிலேயே வாங்கி, கோத்தகிரி, கூடலூர் சபைகளுக்குப் பிரித்துத் தரலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் ஸ்டேட் பாங்க்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அதற்காக டெல்லி போக வேண்டாம். பக்கத்து ஸ்டேட் பாங்க் கிளை வழியாகவே திறக்கலாம். அங்கிருந்து குன்னூர்க் கணக்குக்கு மாற்றிச் செலவிடலாம். இன்னொரு சங்கத்துக்கு, அதற்கும் பதிவு இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கைமாற்றக் கூடாது.

பொருளாளர்கள் தடுக்கி விழும் இடம் வேறு: ஞாயிறு காணிக்கையை வெளிநாட்டுப் பணம் இருக்கும் கணக்கில் போடுவது. உள்ளூர்ப் பணம் அதில் கலக்கவே கூடாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நம்மூர்ப் பிள்ளை தருவதும் வெளிநாட்டுப் பணம்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே இருப்பவர் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அப்படியல்ல. ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும், பணமே வராத வருடத்திலும்.