ரிஷி சுனக்கைப் பிரதமராக்கியது மக்கள் வாக்கா?

"2022 அக்டோபரில் பிரிட்டன் மக்கள் வாக்களித்து ரிஷி சுனக்கைப் பிரதமர் ஆக்கினார்கள்" என்ற தகவல் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அப்போது மக்கள் யாரும் வாக்களிக்கவே இல்லை. நடந்தது ஆட்சியில் இருந்த கன்சர்வேடிவ் கட்சிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. ஆளுங்கட்சித் தலைவராக வருபவரே அங்கே பிரதமர் ஆவார்.

குழப்பத்துக்குக் காரணம் அதே ஆண்டு கோடையில் அதே பதவிக்கு நடந்த முதல் போட்டியாக இருக்கலாம். அது பார்ப்பதற்குப் பொதுத்தேர்தல் போலவே இருந்தது. முதலில் அக்கட்சி எம்.பி.க்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்துப் போட்டியாளர்களைக் கழித்துக்கட்டினார்கள். கடைசிச் சுற்றில் சுனக்குக்கு 137, லிஸ் டிரஸ்ஸுக்கு 113, பென்னி மோர்டான்டுக்கு 105. மோர்டான்ட் வெளியேற, மீதி இருவரும் ஊர் ஊராகப் போய் மேடையேறினார்கள். வெம்பிளியில் கடைசிக் கூட்டம். வரியை இப்போதே குறைப்பேன் என்றார் டிரஸ். முதலில் விலைவாசியை அடக்க வேண்டும் என்றார் சுனக். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது, சரி. ஆனால் வாக்குச்சீட்டு போனது சுமார் 1,72,000 கட்சி உறுப்பினர்களுக்கு மட்டும். அதில் டிரஸ் 81,326, சுனக் 60,399. அதாவது, வாக்குப்பதிவு நடந்த அந்தப் போட்டியில் சுனக் தோற்றார்!

வென்று பிரதமரான டிரஸ் சில வாரங்களிலேயே பதவி விலக, அக்டோபரில் விதி கடுமையானது: போட்டியிடக் குறைந்தது 100 எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும். டிரஸ்ஸுக்கு முன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் ஒதுங்கிக்கொண்டார். மோர்டான்ட் கெடு முடியும் நேரத்தில் விலகினார். அக்டோபர் 24 அன்று சுனக் போட்டியின்றித் தலைவரானார். மறுநாள் மன்னர் சார்லஸ் அவரைப் பிரதமராக நியமித்தார்.